தலை குனிந்து படமெடுத்த மதினி

அந்தக் கேமராப் பெட்டியின் மூடியைத் தூக்கினால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். நாலு பக்கமும் தகடு எழும்பி நிற்கும். அடியில் பால் நிறத்தில் ஒரு கண்ணாடி. பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, தலையைக் குனிந்து அதற்குள் பார்த்தால் எதிரே இருக்கிற தெரு முழுக்க அந்தக் கண்ணாடியில் ஓடும். ஆனால் இடமும் வலமும் மாறி ஓடும். நிஜத்தில் வலப்பக்கம் போகிற ஆட்டோ, கண்ணாடியில் இடப்பக்கம் போகும். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கப்பலில் வந்த மாதிரி குமட்டிக்கொண்டு வந்தது. "அரே, பழகிரும். ஆளு எந்தப் பக்கம் போற மாதிரித் தெரியுதோ, அதுக்கு நேர் எதிர்ப் பக்கமா பெட்டியத் திருப்பணும். அம்புட்டுதான். கண்ணாடிய மட்டும் நம்பிறக் கூடாது" என்றார் மதினி. என் வீட்டுக்காரருடைய அக்கா. இன்றைக்குப் பெட்டி என் தையல் மெஷினுக்கு மேலே, நூல்கண்டு அடுக்கிய அலமாரியில் இருக்கிறது. மதினி இல்லை. மதினியின் தம்பியும் இல்லை.

மதினி ஒரு சர்க்கார் ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த அந்தமான் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் வீட்டில் பேசுகிற ராமநாதபுரத்துத் தமிழில் பாதிக்குப் பாதி இந்தி கலந்து வரும். நான் பரமக்குடியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் கடையில் உப்பு கேட்கக்கூட மதினிதான் எனக்கு வாய். எப்போதோ ட்ரெயினிங்குக்கு மெயின்லேண்ட் போனவர் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தப் பெட்டியை வாங்கி வந்தாராம். ஆபீஸ் விட்டதும் அதைக் கழுத்தில் மாட்டி வயிற்றுக்கு நேரே தொங்கவிட்டு, மேலே முந்தானையைப் பாதி மறைப்பாக இழுத்து விட்டுக்கொண்டு அபர்தீன் பஜாருக்குள் நுழைவார். குனிந்த தலை நிமிராது. பார்க்கிறவர்களுக்கு ஹேண்ட்பேக்கில் சில்லறை தேடுகிற மாதிரி இருக்கும். இதனால் நாங்கள் இருக்கிற பத்துபஸ்தி முழுக்க மதினிக்கு ஏக நல்ல பெயர். "தல நிமிந்து ஒரு ஆம்பளையப் பாத்திருக்குமா அந்தப் பொண்ணு? என்ன அடக்கம்" என்று என் மாமியாரிடமே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அடக்கமாவது ஒன்றாவது. போர்ட் பிளேரில் மதினி அளவுக்கு ஆம்பளைகளை உற்றுப் பார்த்த பொம்பளை வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

அந்த அடக்கத்தை மெச்சித்தான் ஒரு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். வந்த மாப்பிள்ளையையும் மதினி விடவில்லை. பேச்சு வேறு காரணத்தில் நின்றுபோய், எல்லோரும் மறந்த பிறகு ஒருநாள் அந்தப் படம் வந்தது. கூடத்து நாற்காலியில் மாப்பிள்ளையின் இடுப்பு, கை, தட்டு. கை ஒரு பிஸ்கட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் நைசாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். மதினி சிரிக்கவில்லை. "பாவம், பசியோட வந்திருக்காரு. கேட்டுப் போட்டிருக்கலாம்" என்றார்.

மதினி எடுத்த படங்களில் பெரும்பாலும் தலை இருக்காது. வயிற்று உயரத்திலிருந்து, அதுவும் கிட்டத்தில் நின்று எடுத்தால் அப்படித்தான் வரும். மீன் மார்க்கெட்டில் செதில் ஒட்டிய கை இரண்டே விரலால் போனைப் பிடித்திருக்கும். கராச்சர்மா போகிற பஸ்ஸில் ஒரு முஷ்டிக்குள் மாத்திரை அட்டையும் பூப்பொட்டலமும் சேர்ந்து நசுங்கிக் கிடக்கும். கூட்டத்தில் அம்மாவின் புடவையைப் பிடிப்பதாக நினைத்து யாரோ ஒருத்தியின் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தைக்கு மட்டும் முழு முகமும் விழுந்திருக்கும். ஏன் மதினி இப்படி என்று கேட்டேன். "மூஞ்சிய எல்லாரும் வீட்டுலயே ரெடி பண்ணி எடுத்துட்டு வந்துர்றாங்க. கைய யாரும் ரெடி பண்றதில்ல" என்றார். என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஏறாது. "என்னக்கா, ஒம் பெட்டிக்குத் தலைன்னாலே ஆகாதா? ஊர்ல அம்புட்டுப் பேரும் முண்டமாவே திரியிறானுக" என்று வம்புக்கு இழுப்பார். "தலை வேணும்னா ஸ்டுடியோவுக்குப் போடா" என்பார் மதினி.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிக்குப் போடுகிற ஃபிலிம் ரோலைக் கழுவிப் படமாக்கித் தர இங்கே ஆள் கிடையாது. எடுத்த ரோல்களை மதினி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். ஆபீஸில் யாராவது லீவில் மெயின்லேண்ட் போனால் கையைக் காலைப் பிடித்துக் கொடுத்துவிடுவார். அங்கே கழுவி, திரும்பி வருகிற யாரிடமாவது அது வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். பொங்கலுக்கு எடுத்ததை ஆடியில் பார்ப்போம். எதையும் எங்கள் வீட்டில் உடனே பார்த்துவிட முடியாது. அது எனக்குப் பழகியும் இருந்தது.

என் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். ஒரு காண்ட்ராக்டரிடம் வயரிங் வேலை. நல்ல மனுஷன், ஆனால் கோபம் வந்தால் சோற்றைத் தொட மாட்டார். தண்ணீர்கூட வெளியே போய்க் குடிப்பார். கோபம் இறங்கியது என்றால் வாயால் சொல்ல மாட்டார், நேரே அடுப்படிக்கு வந்து எந்தப் பாத்திரத்தையாவது திறந்து எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அதுதான் எங்கள் வீட்டில் சமாதானம். மகள் எட்டாவது படிக்கிறபோது, தெற்கே காம்ப்பெல் பேயில் ஒரு பெரிய கட்டடத்துக்கு வயரிங் என்று ஆறு மாத வேலை வந்தது. மழைக்காலம் தொடங்குகிறது, போக வேண்டாம் என்றேன். "இங்கனயே ஒக்காந்து ஃபேன் மாட்டிக்கிட்டே கெழவனாகச் சொல்றியா?" என்றார். ஒரு வாரம் அதே பேச்சு. கிளம்புகிற அன்று காலையில் அது முற்றிவிட்டது. நான் இட்லிக்கு எண்ணெயும் பொடியும் தடவி, இலையில் கட்டி, பிளவுஸ் துணி மிச்சத்தில் நான் தைத்த ஒட்டுப்பையில் போட்டு நீட்டினேன். "ஒன் இட்லியும் வேணாம், ஒன் மூஞ்சியும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். வாசலில் ஒரு நொடி திரும்பினார். கடுகடுவென்று ஒரு முகம். வழியனுப்பக் கப்பல் ஜெட்டிக்கு நான் போகவில்லை. எனக்கும் வீம்பு உண்டு.

மதினி பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது முகம் பூரித்திருந்தது. "குடுத்துட்டேன். வாங்கிக்கிட்டான். கப்பல்ல ஏறப் போனவன் திரும்பி எங்கிட்ட வந்தான். 'அவ வரலியாக்கா'ன்னு கேட்டான். சிரிச்சான்" என்றார். சும்மா சொல்லாதீங்க மதினி என்றேன். எனக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். "சத்தியமாடி. போட்டோவே எடுத்திருக்கேன். வரும்ல, அப்பப் பாரு" என்றார். அதன் பிறகு எனக்கும் மனசு இறங்கிவிட்டது. படம் வரட்டும், அதைக் காட்டி ஆறு மாதம் கழித்து வருகிற மனுஷனைக் கேலி செய்யலாம் என்று இருந்தேன்.

அவர் வரவில்லை. அங்கே மழையோடு மழையாக வேலை செய்தபோது கரண்ட் அடித்துவிட்டது என்று மதினியின் ஆபீஸுக்குத்தான் போன் வந்தது. கப்பலில் வந்த சவப்பெட்டி ஆணி அடித்து வந்தது. கூட வந்தவர் என் மாமனாரைத் தனியே கூட்டிப்போய் ஏதோ சொன்னார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து என்னைத் திறக்க விடவில்லை. "நாள் ஆயிருச்சும்மா. பாக்காத. பழைய மூஞ்சிய நெனச்சுக்க" என்றார் மாமனார். எந்தப் பழைய மூஞ்சி? வாசலில் திரும்பிய அந்தக் கடுகடுப்பைத் தவிர என் கண்ணில் எதுவும் நிற்கவில்லை. கல்யாணப் போட்டோவைப் பார்த்தாலும் அதற்கு மேல் அந்தக் கடுகடுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. மாலை போட்டு வைத்ததோ ஐடி கார்டில் இருந்ததைப் பெரிதாக்கிய படம். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போன ஆள் மாதிரி விறைத்துக்கொண்டு பார்க்கும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு நான் மதினியிடம் ஒன்றுதான் கேட்டேன். அந்தப் படம் எப்போது வரும்?

ரோலை மதினி முன்னமே ஒருத்தரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அவர் லீவை நீட்டினார். பிறகு புயல் எச்சரிக்கை என்று கப்பல் நின்றது. நான் காலையில் கேட்பேன், சாயங்காலம் கேட்பேன். சாகிற மனுஷன் என்னை மன்னித்துவிட்டுத்தான் போனாரா, வெறுத்துக்கொண்டே போனாரா என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் படம்தான். சிரித்த முகம் ஒன்று அதில் இருந்தால் வாசலில் பார்த்த முகத்தை அழித்துக்கொள்ளலாம். அதற்காகவே சாப்பிட்டேன், அதற்காகவே எழுந்தேன் என்று சொன்னாலும் பொய் இல்லை. மதினி "வரும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். முன்பு மூச்சுக்கு மூச்சு சொன்ன "சிரிச்சான்" என்ற சொல் அவர் வாயிலிருந்து உதிர்ந்துபோனதை நான் அப்போது கவனிக்கவில்லை. ஆள் பாதியாக இளைத்துப்போனதைக் கவனித்தேன். தம்பி போன துக்கம் என்று நினைத்தேன்.

கவர் வந்த அன்று தலைக்கு மேலே விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் அந்தச் சத்தம் ஓய்கிற வரை யாரும் பேச மாட்டோம். நானே பிரித்தேன். பஜார், ஒரு குடை, யாருடைய செருப்போ, ஜெட்டியில் கயிற்றைச் சுற்றுகிற கை. அதற்கடுத்தது அந்தப் படம். சதுரமான கறுப்பு வெள்ளைப் படத்தின் ஓரத்தில் பாதி மனுஷன். தோளுக்கு மேலே இல்லை. உடம்பும் பாதிதான், மற்ற பாதியைப் படத்தின் விளிம்பு வெட்டிவிட்டது. கட்டம் போட்ட சட்டையின் பையில் கட்டமும் கட்டமும் பிசகாமல் சேர்ந்திருந்தன. அது என் தையல். முழங்கையில் என் ஒட்டுப்பை தொங்கியது. படத்தின் நடுவே, ஆள் வந்திருக்க வேண்டிய இடத்தில், கப்பலின் வெள்ளைப் பக்கம் வெறுமனே கிடந்தது. முகம் எங்கே மதினி என்று கேட்டேன்.

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நானும் அவன் மூஞ்சியப் பாக்கல" என்றார். பின்னே சிரித்தார் என்று சொன்னீர்களே என்றேன். "கொரலு சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. நான் கண்ணாடியத்தான் பாத்துட்டிருந்தேன். எனக்கு வலப்பக்கமா வந்தான். கண்ணாடியில எடப்பக்கமாப் போனான். தெருவுல போற ஆளா இருந்தா என் கை தன்னால வலப்பக்கம் திரும்பியிருக்கும். தம்பி வர்றானேன்னு பாத்தேன். கண்ணாடியில அவன் போற பக்கமே பெட்டியத் திருப்பிட்டேன். ஆளக் காணோம். கண்ணாடிக்குள்ளயே தேடுறேன், தேடுறேன், அவன் இங்கன பக்கத்துல நின்னு கேக்குறான், 'அவ வரலியாக்கா'ன்னு. கெடைச்சது கெடைக்கட்டும்னு வெரல அமுக்கிட்டு நிமிந்தா முதுகக் காட்டிட்டுப் போறான்." "ஒரு தடவ தலையத் தூக்கியிருந்தாப் போதும்" என்றார். பெட்டியைக் கொண்டுபோய்க் கடலில் எறிய வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஊரே மெச்சிய அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து மெஷினில் உட்கார்ந்து பட்டன் கட்டிக்கொண்டிருந்தேன். படம் எதிரே சாய்த்து வைத்திருந்தது. முகம் இல்லாத இடத்தையே பார்த்துப் பார்த்து சலித்துப்போன கண் அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. பை தொங்குகிற அதே கையில் ஏதோ வெள்ளையாக இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இட்லி. பாதி கடித்த இட்லி. விரலில் பொடி அப்பியிருந்தது. கப்பல் கிளம்பவில்லை, ஏறக்கூட இல்லை, அதற்குள் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே அக்காவிடம் வந்திருக்கிறார். கோபம் இருந்தால் தண்ணீரைத் தொடாத மனுஷன். என்னால் உட்கார முடியவில்லை. மதினி ஆபீஸிலிருந்து வருகிற வரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

மதினி படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பாருங்க மதினி, தின்னுருக்காரு, கோபம் போயிருச்சு, இது போதும் எனக்கு என்றேன். "என்னயத் தேத்துறதுக்குச் சொல்ற" என்றார். இல்லை, நிஜமாகவே சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு அவர் சொன்னதை நான் நம்பாத மாதிரியே நான் சொன்னதை அவரும் நம்பவில்லை. படத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "காலைல சாப்புடாமப் போனவன். பசிச்சிருக்கும்" என்றார். பொல்லாத மனசோடு சொல்லவில்லை, பிஸ்கட் மாப்பிள்ளைக்குச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு சொல் இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது. பெரும்பாலான நாட்களில் கோபம் இறங்கித்தான் தின்றார் என்று நம்புகிறேன். சில நாள், மழை அடித்துப் பெய்கிறபோது, பசிதானோ என்று தோன்றிவிடும்.

அதற்குப் பிறகு மதினி பெட்டியைத் தொடவில்லை. தலையையும் குனியவில்லை. பஜாரில் எதிரே வருகிறவர்களின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நடப்பார். "ப்ரொமோஷன் வந்துருச்சோ என்னமோ, தல கிர்ருன்னு மேல ஏறிருச்சு" என்று முன்பு அடக்கத்தை மெச்சிய அதே வாய்கள் பேசின. யாராவது ஊருக்குக் கிளம்பினால் ஜெட்டிக்கோ ஏர்போர்ட்டுக்கோ வந்து நின்று அவர்கள் முகத்தையே பார்ப்பார். பார்க்கப்படுகிறவர்களுக்குக் கூசும், வேறு பக்கம் திரும்புவார்கள், அப்போதும் விட மாட்டார். என் மகள் பள்ளிக்கூடம் போகிறபோதுகூட வாசலில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். "அத்தை, பஸ் போயிரும்" என்று அவள் சிணுங்குவாள். போன மழையில் நெஞ்சில் சளி கட்டி மதினி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னை அப்படிப் பார்த்தார். நான் திரும்பவில்லை. அவர் கண் மூடுகிற வரை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் ஆனது அது ஒன்றுதான்.

இப்போது மகள் நர்ஸ். கப்பலில் போக வேண்டிய ஹட் பேயில் வேலை போட்டிருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் எங்கேயோ ஆர்டர் செய்து ஒரு ரோல் வரவழைத்து, போனில் பார்த்துப் பார்த்து அதைப் பெட்டியில் மாட்டினாள். "அத்தையோட பெட்டியில என்னைய ஒரு படம் எடும்மா. நீதான் எடுக்கணும்" என்றாள். வேண்டாம் என்றால் கேட்கிற பிள்ளை இல்லை, தகப்பனைக் கொண்டு பிறந்தவள். பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போனேன். அவருடைய கப்பலுக்கு வராத ஜெட்டிக்கு இவளுடைய கப்பலுக்கு வந்து நின்றேன். மூட்டை முடிச்சும் கூச்சலுமாக ஒரே நெரிசல். மூடியைத் தூக்கினேன். 'டப்' என்றது. குனிந்தேன். பால் நிறக் கண்ணாடியில் என் மகள் பையை இழுத்துக்கொண்டு இடப்பக்கமாக நடந்தாள். என் கை அவள் பின்னாலேயே இடப்பக்கம் திரும்பியது. தெரிந்தே இருந்தும் திரும்பியது. கண்ணாடியில் யாரோ ஒருவருடைய முதுகு, ஒரு தூண், கடல். பிள்ளையைக் காணோம். இவ்வளவுதான் நடந்திருக்கிறது மதினி, யார் கையாக இருந்தாலும் இப்படித்தான் போயிருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. கேட்க அவர் இல்லை.

மூடியை மூடிவிட்டுத் தலையைத் தூக்கினேன். கப்பலுக்குப் போகிற படியில் காலை வைத்தபடி மகள் திரும்பி நின்றிருந்தாள். நெற்றியில் வேர்வை, பொட்டு கொஞ்சம் கலைந்திருந்தது, அப்பனுடைய மூக்கு. அழுகையை அடக்கிக்கொண்டு சிரிப்பதாக நினைத்து என்னவோ செய்துகொண்டிருந்தது அந்த முகம். பின்னால் நிற்கிறவர்கள் "சலோ, சலோ" என்று அவளைத் தள்ளினார்கள்.

"எடுத்துட்டியாம்மா?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"பாத்துட்டேன்டி. நீ ஏறு" என்றேன்.

ரோல் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது.